சிறுமூளையில் அடிபட்டவருக்கு அடுத்தவர் மனசு பிடிபடாமல் போனால் வீட்டில் என்ன செய்வது

உங்கள் வீட்டில் யாருக்காவது சிறுமூளையில் ஸ்ட்ரோக் வந்திருக்கலாம், அங்கே ஒரு கட்டியை எடுத்திருக்கலாம், இல்லை சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் நோய் இருக்கலாம். நடை ஓரளவு சரியாகிவிட்டது, கை நடுக்கமும் குறைந்துவிட்டது, ஆனாலும் ஆள் பழைய ஆளாக இல்லை என்று உங்களுக்குத் தெரிகிறது, அதை யாரிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. அப்படியென்றால் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் சிறுமூளையின் பின்பக்கம் ஸ்ட்ரோக் வந்தது. மூன்றாவது வாரமே எதையும் பிடிக்காமல் நடந்தார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார்கள், மூக்கைத் தொட்டுவிட்டு எதிரே நீட்டிய விரலைத் தொடச் சொன்னார்கள், எல்லாம் செய்தார், நன்றாக இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் இரண்டு மாதம் இருக்கும், ஒரு சாயங்காலம் அண்ணிக்கு போன் வந்தது. அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்ற செய்தி. போனை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தவர் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தோள் குலுங்குவது எனக்குக் கதவருகிலிருந்தே தெரிந்தது. அண்ணன் அவருக்கு நேர் எதிரே நின்று, "என் சார்ஜரை எங்க வச்ச?" என்றார். பதில் வரவில்லை என்றதும் இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக, அதையே கேட்டார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். "இந்த மனுஷனுக்கு மனசு கல்லாயிடுச்சு" என்று அன்று ராத்திரி என்னிடம் சொல்லி அழுதார்.

நான் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். போன் வந்தது. அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்காங்க. அண்ணிக்கு அது அப்பதான் தெரியும். பயந்துட்டாங்க. அதனாலதான் முகத்தைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்தாங்க. அப்ப நீங்க சார்ஜரைக் கேட்டீங்க. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கண் நிறைந்துவிட்டது. "யாருமே எங்கிட்ட சொல்லலையே" என்றார். எழுந்துபோய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எதிரே அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்தபடி நின்றவர் சொன்ன வார்த்தை அது. பாசம் அப்படியே இருந்தது. முகத்தையும் மௌனத்தையும் பார்த்து உள்ளே இருப்பதைக் கணிக்கும் வேலை மட்டும் நின்றுபோயிருந்தது. அது நின்றுபோனதால் வந்த இடைவெளியை வீட்டில் இருப்பவர்கள் எப்படி நிரப்புவது என்பதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

முதலில், சிறுமூளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் நேராக யோசனைகளுக்குப் போனால் பத்து நாளில் பொறுமை போய்விடும். எங்களுக்குப் போனது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிடரிக்கு மேலே, பெருமூளைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறுமூளை, மொத்த மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நியூரான்களில் 6,900 கோடி இதற்குள்தான் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. இவ்வளவையும் நடக்கவும் நிற்கவும் மட்டுமா வைத்திருக்கிறது என்ற கேள்வி ரொம்ப நாளாக இருந்தது. 1998-ல் ஜெரமி ஷ்மாமன், ஜேனட் ஷெர்மன் என்ற இருவர், சிறுமூளையில் மட்டும் பாதிப்பு இருந்த 20 பேரைப் பரிசோதித்து எழுதினார்கள். திட்டமிடுதல், இடம் திசை உணர்தல், மொழி, உணர்ச்சியும் குணமும் என்று நான்கு பக்கமும் அவர்களுக்குச் சறுக்கல் இருந்தது. சிறுமூளை கெட்டால் கை குறி தவறுவதைப் போல எண்ணமும் குறி தவறுகிறது என்பது ஷ்மாமன் சொல்லும் விளக்கம். அண்ணனைப் பார்த்த எனக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்றும் தோன்றவில்லை. அவர் சொல்வது, செய்வது எல்லாமே ஒரு அரை அடி தள்ளித்தான் விழுந்தது.

2011-ல் 1,000 பேரின் மூளை ஸ்கேன்களை வைத்து, சிறுமூளையின் எந்தப் பகுதி பெருமூளையின் எந்தப் பகுதியோடு சேர்ந்து இயங்குகிறது என்று வரைபடமே போட்டார்கள். அசைவுக்கான பகுதிகளோடு பேசும் இடத்தைவிட, யோசிக்கும் பகுதிகளோடு பேசும் இடம்தான் அதிகம் என்று அதில் தெரிந்தது. சிறுமூளையின் பின்பக்கத்தில் க்ரஸ் 1, க்ரஸ் 2 என்று இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. அடுத்தவர் என்ன நினைக்கிறார், என்ன செய்யப் போகிறார் என்று நாம் யோசிக்கும்போது வேலை செய்யும் பெருமூளைப் பகுதிகளோடு இவை கை கோத்திருக்கின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்க் வான் ஓவர்வாலே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைத்தான் பல வருடமாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஏமாந்துபோகும் கதை, அதாவது இவர் இல்லாத நேரத்தில் பொருளை யாரோ இடம் மாற்றிவிட, இவர் பழைய இடத்திலேயே வந்து தேடுவார் அல்லவா, அந்த மாதிரிக் கதைப் படங்களைக் கலைத்துக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொன்னால், சிறுமூளை பாதித்தவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள் என்று அந்தக் குழு காட்டியிருக்கிறது. வரிசை என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, அங்கே உண்மையில் என்னதான் நடக்கிறது? இருட்டில் மாடிப்படி இறங்குகிறீர்கள், இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை நீட்டுகிறீர்கள், தரை வந்துவிடுகிறது, உடம்பே ஒரு தூக்கு தூக்கிப் போடுகிறது. அடுத்த அடி எங்கே விழும் என்று உங்களுக்கே தெரியாமல் உள்ளே கணக்குப் போடப்பட்டிருந்தது, கணக்கு தப்பியது, அதனால்தான் அந்தத் தூக்கிவாரிப் போடல். சிறுமூளையின் வேலை பெரும்பாலும் இதுதான். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே கணிப்பது, வந்ததோடு ஒப்பிடுவது, தப்பென்றால் அடுத்த முறைக்குத் திருத்திக்கொள்வது. அங்கே பர்கின்ஜி செல் என்று ஒரு பெரிய செல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் இணைப்புகள் வந்து சேர்கின்றன. கூடவே "கணக்கு தப்பு" என்று தட்டிச் சொல்வதற்கென்று தனியாக ஒரே ஒரு இழை, செல் மேல் கொடி போலச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. கை வீசுவதற்கு இருக்கும் அதே வயரிங்தான் பின்பக்க மடிப்புகளிலும். அங்கே வரும் சரக்குதான் வேறு: முகம், குரல், மௌனம், யாருக்கு என்ன தெரியும் என்பது.

உங்களுக்கு நீங்களே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுதான் காரணம், உங்கள் விரல் எங்கே படும் என்பதைச் சிறுமூளை முன்பே சொல்லிவிடுகிறது, 1998-ல் இதை ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள். பேச்சையும் பாருங்கள். பத்து மொழிகளில் அளந்து பார்த்ததில், ஒருவர் கேட்டு முடித்ததற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக ஐந்தில் ஒரு நொடிதான் போகிறது. ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியென்றால் எதிராளி முடிப்பதற்கு முன்பே, எங்கே முடிப்பார் என்று கணித்துப் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம் என்றுதானே அர்த்தம். 2012-ல் ஒரு சோதனையில், நல்ல ஆரோக்கியமானவர்களின் வலது சிறுமூளையைத் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் கொஞ்ச நேரம் மந்தமாக்கிவிட்டு வாக்கியங்களைக் கேட்க வைத்தார்கள். அடுத்து வரப்போகும் சொல்லுக்குரிய படத்தின் மேல் கண் முன்கூட்டியே ஓடும் வேகம் குறைந்துபோனது.

கார்டன் ஹோம்ஸ் என்று ஒரு பழைய நரம்பியல் மருத்துவர், முதல் உலகப் போரில் தலையில் குண்டடி பட்டவர்களைப் பார்த்துச் சிறுமூளையைப் பற்றி நிறைய எழுதியவர். அவர் பதிவு செய்த நோயாளி ஒருவர், இடது கை தானாகவே வேலை செய்கிறது, பாதித்த வலது கையை மட்டும் ஒவ்வொரு அசைவுக்கும் யோசித்து யோசித்து நகர்த்த வேண்டியிருக்கிறது என்று சொன்னாராம். மனிதர்களைப் புரிந்துகொள்வதிலும் இதேதான் நடக்கிறது. தானாக நடந்துகொண்டிருந்தது நின்றுபோய், இப்போது ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. யோசித்தால் முடிகிறது, பெருமூளை பத்திரமாக இருக்கிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம், யோசிக்க நேரமும் யோசிப்பதற்கான விஷயமும் கொடுப்பதுதான்.

எதையும் தொடங்குவதற்கு முன்னால்

காது சரியாகக் கேட்கிறதா, பார்வை இரட்டையாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். எதிரே இருப்பவர் முகம் இரண்டாகத் தெரிந்தால் யாருக்குத்தான் முகக்குறி பிடிபடும். மனச்சோர்வையும் தூக்கத்தையும் மாத்திரைகளையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். திடீரென்று தலைசுற்றல், வாந்தி, புதிதாகத் தள்ளாட்டம், கடுமையான தலைவலி, பேச்சுக் குழறல் வந்தால் இதெல்லாம் பழையதுதானே என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சிறுமூளை ஸ்ட்ரோக்கைச் சாதாரணத் தலைசுற்றல் என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு.

இன்னொன்று. சிறுமூளையின் பின்பகுதியில் மட்டும் அடிபட்டவர்களுக்கு நடையும் கையும் கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கலாம். நடையை மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிடும் ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம். அதனால் ஷ்மாமன் ஸ்கேல் என்ற சோதனையை எடுக்க முடியுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள். 2018-ல் வெளியானது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பத்துச் சிறு சோதனைகள், அதில் மூன்றில் தவறினால் சிறுமூளை சார்ந்த சிந்தனைக் கோளாறு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கடைசிப் பகுதி உணர்ச்சியும் நடத்தையும் பற்றியது, அங்கே கூட இருப்பவர் சொல்வதற்கு மதிப்பு உண்டு. வெறுங்கையோடு போகாதீர்கள்.

ஒரு நோட்டு போடுங்கள், ஆனால் குற்றப்பட்டியல் எழுதாதீர்கள்

நான் எழுதிய முதல் பக்கம் முழுக்க "கோபப்பட்டார்", "கண்டுகொள்ளவே இல்லை", "மரியாதை இல்லாமல் பேசினார்" என்றுதான் இருந்தது. அதில் ஒரு உபயோகமும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால்தான் எங்கே அறுந்தது என்று தெரியும். அறுகிற இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல, ஒரே ஆளுக்குக்கூட நாளுக்கு நாள் மாறும்.

சில சமயம் குறியே கண்ணில் படுவதில்லை. அவர் உங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை, கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சில சமயம் பார்க்கிறார், தப்பாகப் படிக்கிறார். களைப்பாக உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்த்து, "எம்மேல என்ன கோபம் உனக்கு?" என்பார். சில சமயம் சரியாகவே புரிந்துகொள்கிறார், ஆனால் தாமதமாக. நீங்கள் வருத்தமான விஷயத்தைச் சொல்லி முடித்து, பேச்சு வேறு எங்கேயோ போய், எல்லோரும் சிரிக்கிற நேரத்தில் அவர் முகம் வாடும். சில சமயம் புரிகிறது, உடனேயே புரிகிறது, ஆனால் பிரேக் பிடிப்பதில்லை, மனதில் வந்தது அப்படியே வாயில் வந்துவிடுகிறது. அப்புறம், காரணமே இல்லாமல் சிரிப்போ அழுகையோ பொத்துக்கொண்டு வந்து நிறுத்த முடியாமல் போவது தனி. சிறுமூளைப் பாதிப்பில் அது வருவதுண்டு, உள்ளே இருக்கும் உணர்ச்சிக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது, மருந்து உண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் சிரித்தவரை ஆயுசுக்கும் ஒதுக்கி வைத்துவிடாதீர்கள்.

இந்த வேறுபாடு ஏன் வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. பார்க்காதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வைக்க வேண்டும். தப்பாகப் படிப்பவருக்கு வாயால் சொல்ல வேண்டும். தாமதமானவருக்குக் காத்திருக்க வேண்டும். பிரேக் இல்லாதவருக்கு, நிறுத்து என்பதற்கு ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் மேஜையில் உள்ளங்கையை வைத்தால் அர்த்தம், "இந்தப் பேச்சு போதும், அப்புறம் பேசலாம்". அதை அண்ணனே தேர்ந்தெடுத்தார், அதனால்தான் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்களாக ஒரு சைகையை முடிவு செய்து அவர் மேல் திணித்தால் நடக்காது.

மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்

இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், எல்லாவற்றையும்விட உதவுவதும் இதுதான். நம்முடைய பாசமெல்லாம் பெரும்பாலும் சொல்லாமல் புரிந்துகொள்வதில் இருக்கிறது. சொல்லிக் கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பே இல்லை என்று நினைத்தே வளர்ந்திருக்கிறோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் புரிந்துகொள்ள வேண்டும், பாத்திரத்தை டொக்கென்று வைத்தால் புரிந்துகொள்ள வேண்டும். அது இனிமேல் நடக்காது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். "எனக்குத் தலை வலிக்குது, அரை மணி நேரம் படுக்கணும், நீங்க டிவி சத்தத்தைக் குறைச்சா நல்லாயிருக்கும்" என்று மூன்று துண்டாகச் சொல்லுங்கள்: என்ன உணர்வு, எதனால் அல்லது எவ்வளவு நேரம், அவர் என்ன செய்ய வேண்டும். மூன்றாவது துண்டை விட்டுவிட்டால் அவர் வருத்தப்பட்டுக்கொண்டு அங்கேயே நிற்பார், என்ன செய்வதென்று தெரியாமல்.

குத்தலாகப் பேசாதீர்கள். "ரொம்ப நல்ல வேலை பண்ணீங்க" என்று எரிச்சலோடு சொன்னால் சொல்லுக்கும் குரலுக்கும் உள்ள முரணை அவரே பிரித்து எடுக்க வேண்டும், அந்தக் கணக்குதான் அவருக்கு முடியவில்லை. நல்ல வேலை என்றே எடுத்துக்கொண்டு சிரிப்பார், உங்களுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். ஜாடைமாடையாகச் சொல்வதும் அப்படித்தான். கேலியை அறவே விட வேண்டியதில்லை, எங்கள் அண்ணன் கேலி செய்தால் ரசிப்பார், ஆனால் "சும்மா சொன்னேன்" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துவிடுவோம்.

பேசும் வேகமும் முக்கியம். ஒருவர் பேசி முடித்தபிறகு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த இடைவெளி நமக்கு ஒரு யுகம் போல இருக்கும், நடுவில் புகுந்து அவர் வாக்கியத்தை முடித்து வைக்கத் தோன்றும். வேண்டாம். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசும் இடத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு, ஏன் ஒதுங்கியே இருக்கிறார் என்று கேட்காதீர்கள். யார் யாரிடம் பேசுகிறார், யாருக்கு எது தெரியும், எப்போது நம் முறை என்று ஒரே நேரத்தில் பத்துக் கணக்கு ஓட வேண்டிய இடம் அது. இரண்டு மூன்று பேர், ஒரு நேரத்தில் ஒருவர், பின்னால் டிவி ஓடாத அறை. காலையில் நன்றாக இருப்பவர் சாயங்காலம் ஆகிவிட்டால் தவறவிடுவது அதிகமாகும், யோசித்துச் செய்யும் வேலை களைப்பைத் தரும் என்பதால். பெரிய பேச்சு எதுவாக இருந்தாலும் காலையிலேயே பேசிவிடுங்கள்.

வரிசை சொல்லிக் கொடுங்கள், முன்னாலும் பின்னாலும்

ஒரு இடத்துக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் அங்கே என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்லுங்கள். யார் யார் இருப்பார்கள், அவர்களுக்கு இவர் உடம்பைப் பற்றி என்ன தெரியும், என்ன தெரியாது, என்ன கேட்பார்கள், எப்போது கிளம்புவோம். இதில் "யாருக்கு என்ன தெரியாது" என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். இவருக்குத் தெரிந்தது எதிரே இருப்பவருக்கும் தெரியும் என்று நினைத்துப் பேசிவிடுவதுதான் அடிக்கடி சிக்கலில் கொண்டுபோய் விடுவது. யாரோ ரகசியமாக வைத்திருந்த விஷயத்தை அண்ணன் அப்படித்தான் சபையில் போட்டு உடைத்தார், கெட்ட எண்ணமே கிடையாது.

தப்பு நடந்துவிட்டால் அந்த இடத்திலேயே வெடிக்காதீர்கள், ஆனால் மூன்று நாள் கழித்து இழுத்து எடுக்கவும் எடுக்காதீர்கள். அன்றைக்கே, கூட்டம் கலைந்த பிறகு, தனியாக, முதலிலிருந்து அடுக்குங்கள். நான் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எழுதுவேன்: முதல் கட்டத்தில் என்ன நடந்தது, அதன் கீழே யாருக்கு அப்போது என்ன தெரியும். அடுத்த கட்டம். அடுத்த கட்டம். அண்ணனே பேனாவை வாங்கி, "இங்க அவனுக்குத் தெரியாதில்ல?" என்று ஒரு கட்டத்தைச் சுற்றி வட்டம் போடுவார். அந்த வட்டம் அவர் கையால் விழுந்தால் நான் நூறு தரம் சொன்னதற்குச் சமம்.

பார்த்து, நிறுத்தி, கணிக்கும் பழக்கம்

தினமும் இருபது நிமிடம் நாங்கள் செய்வது இது. அவருக்குப் பிடித்த ஏதாவது ஒரு நாடகத்தைப் போட்டு, ஒரு கட்டத்தில் நிறுத்துவோம். மூன்று கேள்வி. இவருக்கு இப்போது என்ன தெரியும்? அடுத்து என்ன செய்வார்? உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது? அவர் வாயால் ஒரு கணிப்பைச் சொன்ன பிறகுதான் மறுபடி ஓட விடுவது. தப்பாக இருந்தால் நான் திருத்துவதில்லை, காட்சியே திருத்திவிடும், அதுவும் உடனே. பத்து நொடி பின்னால் தள்ளி, எந்த இடத்தில் குறி இருந்தது என்று சேர்ந்து தேடுவோம். ஒரு நாள் ஒரு பெண் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டே பேசும் காட்சி. "கிளம்பப் போறா" என்றார் அண்ணன். எப்படித் தெரியும் என்றேன். முகத்தை அவர் பார்த்திருக்கவே இல்லை, "கையைப் பாரு, கதவை விடவே இல்லை" என்றார். முகம் பிடிபடாதவருக்குக் கையும் காலும் நன்றாகவே பிடிபடலாம். அன்றிலிருந்து, ஒருவர் கிளம்ப நினைக்கிறாரா என்று தெரிய அவர் கை பையில் இருக்கிறதா, கால் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். உங்கள் ஆளுக்கு எது வழியோ அதைக் கண்டுபிடியுங்கள், குரலாகவும் இருக்கலாம்.

இது சிறுமூளையைப் புதுப்பித்துத் தரும் பயிற்சி என்று நான் சொல்லவில்லை, யாராவது அப்படிச் சொல்லி எதையாவது விற்க வந்தால் வாங்காதீர்கள். தானாக ஓடாததை யோசித்து ஓட்டப் பழகுவது, அவ்வளவுதான். ஸ்பீச் தெரபிஸ்ட், நரம்பியல் சார்ந்த உளவியல் நிபுணர் கிடைத்தால் இதையே உங்கள் ஆளுக்கு ஏற்ற மாதிரி ஒழுங்குபடுத்தித் தருவார்கள். பிசியோதெரபியை நிறுத்தாதீர்கள். மதுவைக் கிட்டேயே சேர்க்க வேண்டாம், அது பர்கின்ஜி செல்களையே சேதப்படுத்தும்.

ஆள் தேடாமலே இருந்தால்

சிலருக்குத் தப்பாகப் படிப்பதைவிட, யாரையும் தேடாமல் இருப்பதுதான் பெரிய மாற்றமாக இருக்கும். யாரும் வரவில்லையே என்ற குறை இல்லை, வந்தால் சந்தோஷமும் இல்லை. இதற்கும் சிறுமூளைக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பிருக்கிறது. 2019-ல் எலிகளில் பார்த்தபோது, சிறுமூளையிலிருந்து மூளையின் வெகுமதிப் பகுதிக்கே, அதாவது ஒன்று பிடித்துப்போய் மறுபடி வேண்டும் என்று தோன்ற வைக்கும் இடத்துக்கே, நேராக ஒரு பாதை போவதும், இன்னொரு எலியோடு பழகும் நேரத்தில் அது சுறுசுறுப்பாக இருப்பதும், அதை அடக்கினால் கூட்டாளியை நாடும் பழக்கம் போய்விடுவதும் தெரிந்தது. அதற்கு முன்னால், 2012-ல், பர்கின்ஜி செல்லில் மட்டும் ஒரு மரபணுவை எடுத்துவிட்ட எலிகள் சக எலிகள் மேல் ஆர்வம் காட்டவில்லை. மனிதர்கள் எலி இல்லை, இருந்தாலும் ஒதுங்கி உட்கார்ந்திருப்பவரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல் நேரம் குறித்துவிடுவது எங்களுக்கு உதவியது. ஒரு நண்பர், வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், முக்கால் மணி. முதல் ஒரு மாதம் அண்ணன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஐந்தாவது வாரம் நண்பருக்கு வர முடியாமல் போனபோது, "இன்னிக்கு அவன் வரலையா?" என்று கேட்டார்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுமூளைப் பகுதியில் கட்டி எடுத்த குழந்தைகளில் சிலர், அறுவைச் சிகிச்சை முடிந்த ஓரிரு நாளில் பேச்சையே நிறுத்திவிடுவார்கள், கூடவே அழுகை, எரிச்சல், தசைத் தளர்ச்சி. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும். மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது, பிடிவாதம் என்று நினைத்து மிரட்டாதீர்கள். பேச்சு திரும்பி வந்த பிறகும் விளையாட்டில், நட்பில் சறுக்கல் இருக்கலாம், பள்ளியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது

"மூளையில் அடி" என்று சொன்னால் பைத்தியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், "ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது" என்றால் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணனிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு, நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: "அவருக்கு அறிவும் ஞாபகமும் நல்லா இருக்கு. முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கறது மட்டும் லேட்டாகுது. எதுவா இருந்தாலும் நேரா வாயால சொல்லுங்க, கிளம்பணும்னா கிளம்பறேன்னு சொல்லுங்க, தப்பா நினைக்க மாட்டார்."

அண்ணிக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. வெளியாட்களுக்கு இரண்டு வாக்கியம் போதும், கட்டிக்கொண்டவருக்குப் போதாது. அவர் இழந்தது நிஜமான இழப்பு. கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று நின்றுவிட்டது, அதைக் காரணம் சொல்லி ஆற்ற முடியாது, அவரிடம் "அவருக்கு நோய்தானே, அனுசரிச்சுப் போ" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது அண்ணியையும் கூட்டிப் போனோம். எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் போட்டு, பின்பக்கம் கீழே வெளுத்துத் தெரிந்த இடத்தை மருத்துவர் பேனாவால் தொட்டுக் காட்டினார். அண்ணி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணனிடம், "எனக்கு இன்னிக்கு மனசு சரியில்லை, கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சுக்கோங்க" என்றார். அண்ணன் பிடித்துக்கொண்டார், வீடு வரும்வரை விடவில்லை, இறங்கும்போது, "இப்ப விடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டார்.